பூகோளமும் நம் குழந்தைகளும்

பூகோளம் என்றதுமே பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. நதிகளின் நீளத்தையும், தலைநகரங்களின் பெயர்களையும், விளைபொருள்களின் பட்டியலையும் நெட்டுருச் செய்வதே அப்பாடம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். மனிதன் ஓரிடத்தில் ஏன் குடியேறினான் என்னும் கேள்வியிலிருந்து தொடங்கினால், அதே பாடம் உயிர் பெற்றுவிடும்.

தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். தேசப்படத்தில் இதன் எல்லைக் கோடுகள் பலமுறை மாறியுள்ளன. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை ஜில்லாக்களின் தாலுகாக்கள் சிலவற்றைச் சேர்த்துச் சித்தூர் ஜில்லாவை அமைத்தனர். 1953இல் அது சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. 2022இல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. கோடுகளை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு ஒவ்வொரு முறையும் பாடம் பழசாகியிருக்கும்.

ஊர்கள் தோன்றிய காரணமோ அவ்வாறு மாறுவதில்லை. திருமலையின் அடிவாரத்தில், கோவிந்தராசர் கோயிலைச் சுற்றித் திருப்பதி வளர்ந்தது. மலையேறும் யாத்திரிகர்களுக்கு உணவும் பூவும் தங்குமிடமும் வேண்டும்; அவற்றைத் தருவோர் அங்கே குடியேறினர். சித்தூர் நீவா நதிக்கரையில் உள்ளது. அது ஆண்டு முழுவதும் ஓடும் நதியன்று. ஆதலால் அச்சீமையில் முன்னோர் ஏரிகளில் மழைநீரைத் தேக்கி நெல் விளைத்தனர். நெல்லுக்கும் கரும்புக்கும் நீர் போதாத மேட்டு நிலங்களில் இன்று மாந்தோப்புகள் நிற்கின்றன.

அந்த மாந்தோப்பே உலகச் செய்திக்கு வாயில். சித்தூர்த் தொழிற்சாலைகள் கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகின்றன. 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விடுத்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. பயண நாட்கள் கூடின. கப்பல் கூலி உயர்ந்தது. 2025இல் சித்தூரில் மாம்பழ விலை சரிந்து, அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அளிக்க நேர்ந்தது. விளைச்சல் மிகுதியா, விற்காமல் தேங்கிய கூழா, கடல்வழித் தடையா என்று மாணவர்கள் ஆராயட்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் கர்நாடகத்துக் கிளிமூக்கு மாம்பழம் சித்தூருக்குள் வரத் தடை விதித்தனர். எல்லைக் கோடு மனிதர் வாழ்வில் என்ன செய்கிறது என்பதும் அப்போது அவர்களுக்கு விளங்கும்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இப்பாடம் இன்னும் நெருக்கமானது. வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர் பலர் கோலார் தங்கவயலில் குடியேறினர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தால் பிறந்த அவ்வூரிலிருந்து இன்று பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஊரைப் பிறப்பித்த காரணம் நீங்கினால் மக்கள் என்ன செய்வர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் கூறும்?

ஆகவே, மும்பையில் இருப்பினும் பிலாயில் இருப்பினும், மாலையில் குழந்தைகளுடன் செய்தித்தாளையும் தேசப்படத்தையும் விரித்து அமர்வோம். செய்தியில் வரும் ஊருக்கு நீர் எங்கிருந்து வருகிறது, பிழைப்பு எது, போக்குவரத்துக்கு வழி எது என்று கேட்போம். பிறகு அதே கேள்விகளை நாம் குடியிருக்கும் ஊரைப் பற்றியும் கேட்போம். நம் பெற்றோர் இங்கு ஏன் வந்தனர் என்பதும் பூகோளமே என்பதைக் குழந்தைகள் தாமே கண்டுகொள்வர்.