பாஸ்கா புகழுரை தமிழ்ப் பாட்டே



இத்துறையில் என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பதற்றமாகவும் இருக்கிறது. கருத்தரங்கின் பொருள் கிறித்தவ வழிபாட்டில் மொழிபெயர்ப்பு. பப்ரிசியுஸின் ஞானப்பாட்டுகளும் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் நீங்கள் அறிந்தவை. அமர்வுகளில் விரிவாகவே பேசப்படும். நான் ஒரே ஒரு பாட்டுக்காக வாதாட வந்திருக்கிறேன்.

உயிர்ப்பு விழாவுக்கு முந்தின இரவில் கத்தோலிக்கக் கோவில்களில் பாடும் பாஸ்கா புகழுரைதான் அது. இலத்தீனில் எக்சுல்தெத். தென் இத்தாலியில் இதை நீண்ட தோல்சுருளில் எழுதி, படங்களை மட்டும் தலைகீழாக வரைந்தார்கள். திருத்தொண்டர் பாடப்பாடச் சுருள் மேடையிலிருந்து கீழே இறங்கும்; எதிரே நிற்கும் மக்களுக்குப் படம் நேராகத் தெரியும். நம் முன்னோருக்கு அந்தப் படமும் வாய்க்கவில்லை. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் திருத்தும்வரை வழிபாடே சனிக்கிழமை காலையில் நடந்தது. இரவைப் புகழும் பாட்டு பகல் வெளிச்சத்தில், புரியாத மொழியில்! 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு இடம் கொடுத்த பிறகே அது தமிழில் ஒலித்தது.

"வெறும் மொழிபெயர்ப்பு, இலக்கிய வரலாற்றில் அதற்கு இடமில்லை" என்று நான் பெரிதும் மதிக்கும் அறிஞர் ஒருவர் முன்பு எழுதினார். மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். அது போகட்டும். யாப்பும் தாளமும் இல்லாத நீண்ட உரை தமிழர் வாயில் நிற்காது என்பது அவருடைய அடுத்த வாதம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

தாளத்துக்குக் கட்டுப்படாமல் ஒற்றைக் குரலில் விருத்தம் பாடுவது நமக்குப் புதிதா? ஒப்பாரி புதிதா? நாம் எல்லோரும் கைவிட்ட சான்று ஒன்றும் உண்டு. 1705இல் இலங்கை வந்த கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ், இயேசுவின் பாடுகளை உரைநடையில் வியாகுலப் பிரசங்கமாக எழுதினார். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் அதை இழுத்து, இராகத்தோடு வாசிப்பார்கள். அச்சுப் பக்கத்தில் அது வெறும் உரைநடை, கேட்டால் பாட்டு. நம் நூல்வரலாறுகள் அச்சை மட்டும் பார்த்ததால், உரைநடையைப் பாடிய இந்த வழக்கம் கணக்கில் வராமலே போனது.

பாஸ்கா புகழுரையையும் காதால்தான் ஆராய வேண்டும். கோவளம் கார்மேல் மாதா கோவில் போன்ற கடலோரக் கோவில்களில் உயிர்ப்பு இரவன்று நின்று கேளுங்கள். விளக்குகள் அணைந்திருக்கும். அவரவர் கையில் மெழுகுதிரி. ஆண்டின் நான்கு எண்களும் பதித்த பெரிய பாஸ்கா திரியின் அருகே ஒருவர் பாடுகிறார். திருத்தொண்டர் இல்லாத இடத்தில் பொதுநிலையினரும் பாடலாம். திருப்பட்டம் பெற்றவருக்குரிய சில வரிகளை மட்டும் விட்டுவிடுவார்கள். அவர் எந்தச் சொல்லில் மூச்சு விடுகிறார், எந்த அசையை நீட்டுகிறார் என்று கவனித்தால், இலத்தீன் மெட்டு எங்கே முடிந்து தமிழ்க் குரல் எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடும். ஒலிப்பதிவு இல்லாமல் நூலகத்தில் இருந்தபடியே தீர்ப்பு எழுதுவது அந்தப் பாடகர்களுக்குச் செய்யும் அநீதி.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதைப் பிற்பகல் அமர்வில் தாராளமாக எழுப்புங்கள். ஆனால் அச்சுப் பிரதியோடு வராதீர்கள். ஏதாவது ஓர் ஊரின் ஒலிப்பதிவோடு வாருங்கள். அதைச் சேர்ந்து கேட்டுவிட்டு வாதாடுவோம்.