எண்ணி வைக்கும் அடி

சுவிஸில் இப்போது இரவு எட்டு மணி. கனடாவில் இருப்பவர்களுக்கு மத்தியானம். ஆஸ்திரேலியாவில் விழித்திருந்து கேட்பவர்களுக்கு விடியப்போகிறது.

என் பேச்சு கொஞ்சம் இழுபடும். சில சொற்கள் ஒன்றோடொன்று முட்டும். பிழை இணையத் தொடர்பில் இல்லை, என் சிறுமூளையில். எனக்கு அட்டாக்சியா. கிரேக்க மொழியில் ஒழுங்கின்மை என்று பொருள். கை கால்களில் பலம் இருக்கும். எவ்வளவு தூரம் நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற கணக்குத்தான் பிசகிவிடும். தெருவில் நடந்தால் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

இன்று நான் பேச வந்தது ஜப்பானிய எழுத்தாளர் கிட்டோ அயாவின் நாட்குறிப்பைப் பற்றி. 1962-இல் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதில் இந்த நோய் இருப்பது தெரியவந்தது. அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1986-இல் 'ஒரு லீற்றர் கண்ணீர்' என்ற பெயரில் நூலாயின. 1988-இல், இருபத்தைந்து வயதில் இறந்தார். 2005-இல் அதைத் தழுவி வந்த தொலைக்காட்சித் தொடரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

முதல் தடவை மொழிபெயர்ப்பில் வாசித்தபோது நானும் அழுதேன். பாதியில் மூடியும் வைத்தேன். அந்த நாட்களில்தான் என் பயிற்சிகளையும் நிறுத்தினேன். எப்படியும் கூடப்போகிற நோய், தினமும் குதிக்காலைக் கட்டிலில் தேய்த்து என்ன காணப்போகிறேன் என்று தோன்றியது. இரண்டு மாதம் போனது. ஒருநாள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் குசினியிலிருந்து மேசைக்குக் கொண்டுவர முடியவில்லை. பாதி தரையில். மகள் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, ஏன் பயிற்சியை விட்டுட்டீங்கள்?"

அவளுக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. அந்தக் கோடையில் ஹைடனுக்குப் போனோம். ரோர்ஷாக்கிலிருந்து பல்சக்கர ரயில் மேலே ஏறும், கீழே கொன்ஸ்டன்ஸ் ஏரி தெரியும். செஞ்சிலுவைச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹென்றி டுனான் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் என்றுதான் அதைப் பலருக்குத் தெரியும். அதே காலத்தில் அங்கே ஹைன்ரிக் ஃபிரெங்கல் என்ற வைத்தியரும் இருந்தார். அவரிடம் வந்த நோயாளிகளுக்கு சிபிலிஸ் முற்றி முள்ளந்தண்டின் பின்பக்க நரம்புகள் கெட்டிருந்தன. கால் எங்கே இருக்கிறது என்பதையே உணர முடியாதவர்கள்.

அவரிடம் வந்த ஒருவரால் கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடும் சோதனையைச் சரியாகச் செய்ய முடியவில்லை. பிறகு வந்தபோது நன்றாகச் செய்தார். என்ன செய்தீர் என்று வைத்தியர் கேட்டார். சோதனையில் தேற வேண்டும் என்று வீட்டில் பழகினேன் என்றார் அவர். ஃபிரெங்கல் அதைப் பிடித்துக்கொண்டார். 1890-இல் கட்டுரை எழுதினார், 1900-இல் புத்தகமே எழுதினார். இயன்மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரிலேயே அந்தப் பயிற்சிகளைச் சொல்லித்தருகிறார்கள். ஒரு வைத்திய முறை பிறந்தது வைத்தியரின் மூளையிலிருந்து அல்ல, ஒரு நோயாளியின் வீம்பிலிருந்து.

பயிற்சி மிக எளிது. படுத்துக்கொண்டு குதிக்காலைப் படுக்கையோடு மெல்ல இழுத்து, சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும். கதிரையில் இருந்து, தரையில் போட்ட குறியில் பாதத்தை வைக்க வேண்டும். பிறகு எழுந்து, வரைந்த பாதச்சுவடுகளின் மேல் நடக்க வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும், களைக்குமுன் ஓய வேண்டும். உணர்வு போன இடத்தில் கண்ணையும் கவனத்தையும் வேலைக்கு வைப்பதுதான் முறை.

என் நோய் வேறு வகை, சிறுமூளையே தேய்வது. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மூளையின் நரம்புக்கலங்களில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள் இருக்கின்றன. நினைத்த அசைவையும் நடந்த அசைவையும் ஒப்பிட்டு, அடுத்த தடவை திருத்துவது அதன் வேலை. பழக்கத்தைக் கற்கும் உறுப்பே கெட்டுப்போனால் பழகி என்ன பயன் என்று கேட்பது நியாயம்தான்.

ஜேர்மனியின் டூபிங்கனில் இதைச் சோதித்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வில் பதினாறு பேர், நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று மணிநேரப் பயிற்சி. சமநிலையும் நடையும் தேறின. அதன் பிறகு வீட்டிலும் பழகச் சொன்னார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நோய் முன்னேறியிருந்தது, ஆனாலும் பழகிப் பெற்றதில் ஒரு பகுதி கையில் இருந்தது. இந்த இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அயாவை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கண்ணீரைவிட வேலைதான் கண்ணில் பட்டது. இன்று எது முடிந்தது, எது முடியவில்லை என்று அந்தப் பெண் கணக்கு எழுதுகிறாள். எழுதுவதே கைக்குப் பயிற்சி. பேனா பிடிக்க முடிந்தவரை எழுதினாள். பயிற்சி அவளைக் குணமாக்கவில்லை. அதை மறைத்து நம்பிக்கைப் பேச்சுப் பேச நான் வரவில்லை. ஆனால் அவள் எழுதிய ஒவ்வொரு நாளும் அவள் கையில் இருந்த நாள்.

இப்போது காலையில் இருபது நிமிடம் பழகுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தமிழில்தான் எண்ணுகிறேன். கோப்பையைப் பாதிதான் நிரப்புகிறேன், மேசை வரை வந்துவிடுகிறது. அடுத்த வருடமும் வருமா தெரியாது.

இந்தப் பேச்சையும் மகளுக்கு முன்னால் பதினொரு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை முப்பது நிமிடம் எடுத்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பதிலைப் பழகி வைத்திருக்கவில்லை, வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.