கன்றின் வேருக்கு ஒரு துணை

மரக்கன்று தழைப்பது வேரின் கையில். அந்த வேருக்கு நாற்றங்காலிலேயே சேர்க்கக்கூடிய துணை ஒன்று உண்டு: வேர் உட்பூசணம். உழவர்கள் பேச்சில் அதன் பெயர் ‘வேம்’. வேம்பு, புளி, புங்கன், வாகை, தேக்கு ஆகிய எல்லா மரங்களின் வேரிலும் அது குடியேறும்.

தென்காசி மாவட்டத்தின் குருவிகுளம் வட்டாரத்தில் கரிசலும் உண்டு, செவலும் உண்டு. கரிசலில் மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. செவலில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. சத்து மண்ணில் இருக்கிறது, வேருக்குத்தான் எட்டுவதில்லை. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மண்ணில் மணிச்சத்து தீர்ந்தால், அடுத்தது தானாக நகர்ந்து வருவதில்லை. அங்கேதான் பூசணம் வேலை செய்கிறது. தலைமுடியைவிட மெல்லிய அதன் இழைகள், வேர் நுழையாத இடுக்கிலும் நுழைகின்றன. சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வேருக்குக் கொண்டுவருகின்றன. வறட்சியைத் தாங்கவும் கன்றுக்கு உதவுகின்றன. கூலியாக இலை சமைத்த உணவில் ஒரு பங்கைப் பெறுகின்றன.

வேருக்கும் பூசணத்துக்கும் இடையிலான இந்த உறவுக்கு 1885-இல் ‘மைக்கோரைசா’ என்று பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். துணை இல்லாவிட்டால் என்ன ஆகும்? போர்ட்டோ ரிக்கோ தீவில் நட்ட பைன் கன்றுகள் பல ஆண்டுகள் தேறவே இல்லை. 1955-இல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைச் சேர்த்த பிறகே அவை வளர்ந்தன. பைனுக்கு உரியது வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தும் வேறு வகைப் பூசணம்; ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

உட்பூசணம் உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். அதனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில், வெர்மிகுலைட் நிரப்பிய குழியில் மக்காச்சோளம் விதைத்து, 60 நாள் வளர்த்து, வேரை நறுக்கி அதே வெர்மிகுலைட்டோடு கலந்து வேம் தயாரிக்கிறார்கள். நாற்றங்கால் பாத்தியில் சதுர மீட்டருக்கு 100 கிராம், மண்ணில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில், விதைக்குக் கீழே இட வேண்டும். பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம் போதும். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் தேவை. கன்றுப் பருவத்திலேயே இடுவதன் சிக்கனம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால் பூசணம் வேரில் சரியாகப் பற்றாது. கார்பெண்டசிம் போன்ற பூசணக்கொல்லியும் அதை ஒடுக்கும். வேம் பொட்டலத்தை வெயிலில் வைக்கக் கூடாது. தண்ணீருக்கும் தொழு உரத்துக்கும் அது மாற்று அல்ல. இருக்கிற சத்தையும் ஈரத்தையும் கன்று முழுதாகப் பயன்படுத்த உதவும் துணை.