தேநீர் முன்னே, பாண் பின்னே

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வளைந்து வளைந்து வரும் நெடுஞ்சாலை நோர்வூட்டிற் பிரிகின்றது. ஒரு கிளை மஸ்கெலியாவை நோக்கியும், மற்றொன்று பொகவந்தலாவையை நோக்கியும் செல்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த இவ்விடத்தில், மழைக்காலத்து மாலை ஐந்து மணிக்கே இருள் கவியத் தொடங்கிவிடும். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையும் நனைந்த படங்குமாக லயத்தை நோக்கி இறங்கிவரும் பெண்ணுக்கு அப்பொழுது வேண்டுவன இரண்டு. ஒன்று, கைக்குச் சூடு தரும் சாயத்தண்ணீர். மற்றது, வயிற்றுக்குச் சூடு தரும் உணவு. இவ்விரண்டையும் அவள் வழக்கமாக ஒருசேரவே கொள்கின்றாள். அவ்வழக்கம் நல்லதுதானா என்னும் வினா இப்பேச்சின் இறுதியில் எழும். அதற்கு முன்னர், அவளது அடுப்பில் எளிதாக ஆக்கத்தக்க ஓர் உணவைக் காண்போம்.

மலையகத் தோட்டங்களில் இருவகைக் குசினிகள் இருந்தன. குன்றின் மேலே துரையின் பங்களாக் குசினி. அடிவாரத்திலே லயத்துக் காம்பராவின் அடுப்பு. மேலே இரும்பு அடுப்பும் போறணையும் இருந்தன. ஆங்கிலேயரது இராவுணவின் முடிவில் இனிப்புக்குப் பின்னர் உப்பும் காரமுமாய் ஒரு சிறுபண்டம் பரிமாறுவது அவர்கள் மரபு. வாட்டிய பாணின்மீது பாற்கட்டியை உருக்கி எடுப்பது அவற்றுள் ஒன்று. கொத்திய இறைச்சியைப் பாணிற் பரப்பி, பாற்கட்டி தூவிப் போறணையில் வைத்து எடுப்பது அதற்கு நெருங்கிய உறவு. இத்தகைய பண்டங்களைச் செய்யும் கை பெரும்பாலும் உள்ளூர் அப்புவின் கையே. ஆயினும், தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் அடுப்பில் அன்றாடம் வெந்தது தேங்காய்ப்பூ கலந்த கோதுமை மா ரொட்டி. அதற்குத் துணை கட்டைச்சம்பல். துரைமார் பலர் நாடு திரும்பினர். 1975 ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. நோர்வூட்டின் பெயரைத் தாங்கிய பழைய பங்களா ஒன்று இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக விளங்குகின்றது. ஆனால் அந்தக் குசினியின் கைப்பக்குவம் குன்றின் அடிவாரத்துக்கு அவ்வளவாக இறங்கி வரவில்லை.

அது இறங்கி வருவதற்குத் தடை ஏதும் உண்டா? பாண் நோர்வூட் கடைகளிற் கிடைக்கும் பொருள். பாண் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. பாற்கட்டியோ அதே நுவரெலியா மாவட்டத்தின் அம்பேவளையிற் செய்யப்படுகின்றது. லீக்சும் கரட்டும் மலைநாட்டுத் தோட்டங்களின் விளைபொருள்கள். எனவே, பங்களாவின் பண்டம் என்று இதனை எட்ட நின்று நோக்க வேண்டியதில்லை.

இரண்டு துண்டு பாணுக்கு இடையே இறைச்சியை வைத்து உண்பதைச் 'சான்விச்' என்பர். 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சான்விச் பிரபு என்னும் ஆங்கிலேயரின் பெயரால் அது வழங்குகின்றது. மேல் துண்டை நீக்கிவிட்டால் அது திறந்த பாணாகும். டென்மார்க்கு மக்கள் அதனைத் தமது தேசிய உணவாகவே போற்றுவர். மேலே மூடி இல்லாமையால் பாற்கட்டி நேரே அனலைப் பெற்று உருகிப் பொன்னிறம் அடையும். இதுவே திறந்த பாணின் சிறப்பு.

ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு வேண்டுவன இவை: 450 கிராம் எடையுள்ள அச்சுப் பாண் ஒன்று, அஃதாவது மக்கள் வழக்கில் ஓர் இறாத்தல் பாண். கொத்திய மாட்டிறைச்சி 250 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி நான்கு பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் இரண்டு, பழுத்த தக்காளி மூன்று, கரட் ஒன்று, லீக்சு ஒரு தண்டு, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு, சிறிது எண்ணெய், பாதித் தேசிக்காய். பாற்கட்டி 60 அல்லது 70 கிராம் போதும்.

பாண் முதல்நாட் பாணாக இருப்பது நலம். புதுப் பாண் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். ஒருநாள் கிடந்த பாண் உறுதியாக நிற்கும். அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள மென்பகுதியை விரலால் அமுக்கிச் சிறு தோணிபோற் குழிவாக்க வேண்டும். பின்னர் வெட்டிய முகத்தை ரொட்டிக் கல்லிற் கவிழ்த்து, இளஞ்சிவப்பாகும் வரை வாட்டிக்கொள்ள வேண்டும். இவ்வாறு வாட்டிய முகம் ஓர் அணைபோல நின்று, இறைச்சியின் சாறு உள்ளே இறங்காதவாறு தடுக்கும். இதனை விட்டுவிட்டால் அடிப்பாகம் கூழாகிவிடும்.

இறைச்சியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. முழுத் துண்டமாக உள்ள இறைச்சியில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். மேற்புறம் நன்கு வெந்தால் அவை அழியும். கொத்தும்போதோ மேற்பரப்பில் உள்ளவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகையால் கொத்திறைச்சியை வாங்கிய அன்றே சமைத்தல் வேண்டும். 71 பாகை செல்சியசு வெப்பம் அதன் உள்ளே சென்று சேர வேண்டும் என்பது வல்லுநர் வகுத்த அளவு. வெப்பமானி இல்லாத வீட்டில், சிவப்பு நிறம் எங்கும் எஞ்சாமல், ஒவ்வொரு துணுக்கும் பிரிந்து ஆவி பறக்கக் கொதிக்கும் வரை வேகவிடுதலே காப்பு.

தடித்த சட்டி நன்கு சூடானதும், எண்ணெய் விட்டு இறைச்சியைப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விடவேண்டும். உடனே கிளறினால் நீர் கசிந்து இறைச்சி அவிந்துவிடும். அசையாமல் விட்டாலோ அடிப்பக்கம் பழுப்பேறி மணம் பிறக்கும். பின்னர் கட்டிகளை உடைத்துக் கிளறி, வெங்காயம், உள்ளி, இஞ்சி, மிளகாய், கரட், லீக்சு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அவை வதங்கியபின் தக்காளி, உப்பு, மிளகு. நோர்வூட்டின் உயரத்தில் நீர் 100 பாகைக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், தாழ்நாட்டைவிடச் சில நிமிடம் கூடுதலாக வேகவிடுவது தகும். கரண்டியாற் சட்டியின் அடியில் ஒரு கோடு கிழித்தால் அக்கோட்டுக்குள் சாறு ஓடிவந்து நிறையக்கூடாது. அதுவே பக்குவம். இறக்கியதும் தேசிப்புளியைப் பிழிந்து கலந்துகொள்ள வேண்டும்.

இக்கலவையைப் பாண் தோணிகளில் நிரப்பி, துருவிய பாற்கட்டியை மேலே தூவி, 200 பாகை வெப்பமுள்ள போறணையில் பத்து அல்லது பன்னிரண்டு நிமிடம் வைத்தால், பாற்கட்டி உருகி ஆங்காங்கே பொன்னிறப் புள்ளிகள் தோன்றும்.

போறணை இல்லாத வீட்டில் என் செய்வது? கேக்குச் சுடுவதற்கு நம் நாட்டுப் பெண்கள் கையாண்ட பழைய உபாயம் இருக்கின்றது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு எரிந்து தணலாகும் வரை காத்திருக்க வேண்டும். அகன்ற பெரிய சட்டியினுள் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மீது பாணை வைத்து, தகரத் தட்டால் மூட வேண்டும். கீழே ஒரு பங்கு தணல். மூடியின் மேலே இரண்டு பங்கு. மேல் நெருப்பு மிகுதியாக இருந்தாற்றான் பாற்கட்டி உருகும். கீழ் நெருப்பு மிகுந்தால் பாண் கருகும். பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும். புகைபோகப் பலகணியைத் திறந்து வைத்தல் வேண்டும். எடுத்தபின் சற்று ஆறவிட்டு, ஒவ்வொரு தோணியையும் ஐந்து துண்டாக வெட்டினால், ஆளுக்கு இரண்டு துண்டு கிடைக்கும்.

மாட்டிறைச்சியை விலக்கும் குடும்பங்கள் தோட்டங்களிற் பல. அவர்கள் ஆட்டிறைச்சியையோ கோழியிறைச்சியையோ கொத்திக்கொள்ளலாம். முள் நீக்கிய டின்மீனும் பொருந்தும். புலாலே உண்ணாதவர் சோயாவை ஊறவைத்துப் பிழிந்து கொத்திச் சேர்க்கலாம். அப்பொழுது தக்காளியையும் தேசிப்புளியையும் கூட்டிக்கொள்வது அவசியம். அதன் காரணம் இனி வருகின்றது.

இவ்வுணவின் பயன் சுவையோடு நிற்பதன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் அந்நிலையில் இருந்தனர். தாயின் குருதியில் இரும்புச்சத்துக் குன்றினால், வயிற்றில் வளரும் சிசுவும் அதன் விளைவைத் தாங்க நேர்கின்றது. மலைச்சரிவில் நாள் முழுதும் ஏறி இறங்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் வெறும் களைப்பு என்று தள்ளிவிடக்கூடியவை அல்ல. குருதிச்சோகையின் அடையாளமாகவும் அவை இருக்கக்கூடும். அத்தகையவர் வைத்தியரை நாடிக் குருதியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

உணவிலுள்ள இரும்பு இருவகைப்படும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒருவகையை உடல் எளிதில் ஏற்கும். மாவிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள மற்ற வகையை அரிதிலேயே ஏற்கும். சிறிதளவு இறைச்சி உடன் சேர்ந்தால், அந்த இரண்டாம் வகையையும் உடல் கூடுதலாக ஏற்கின்றது. தேசிக்காயிலும் தக்காளியிலும் உள்ள உயிர்ச்சத்து சீ அதற்குத் துணைசெய்கின்றது. 250 கிராம் மாட்டிறைச்சியில் ஏறக்குறைய ஐந்தாறு மில்லிகிராம் இரும்பே உண்டு. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் அது சிறிய அளவுதான். ஆயினும் பாணிலும் மரக்கறியிலும் உள்ளதையும் அது கைப்பிடித்து அழைத்து வருகின்றது. பாற்கட்டியை மிகுதியாக அள்ளிப் போடவேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: அதிலுள்ள கல்சியம் எலும்புக்கு நல்லது, ஆனால் அளவு மிஞ்சினால் இரும்பு உடலிற் சேர்வதை ஓரளவு தடுக்கும்.

இனித் தொடக்கத்தில் விட்ட வினாவுக்கு வருவோம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு, அது குருதியிற் சேராதபடி செய்கின்றன. 1983 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கொத்திய மாட்டிறைச்சியைப் பாணுடன் உண்டவர்களைக் கொண்டே இதனை அளந்தது. உணவோடு ஒரு கோப்பை கோப்பி அருந்தியபோது உடல் ஏற்ற இரும்பு நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. தேநீர் அருந்தியபோது 64 பங்கு குறைந்தது! அதே ஆய்வில் கோப்பியைக் கொண்டு மேலும் ஒன்று கண்டனர். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னர் அருந்தியபோது குறைவு ஏதும் இல்லை. ஒரு மணி நேரம் பின்னர் அருந்தியபோதோ, உடன் அருந்தியதைப் போலவே குறைவு நேர்ந்தது. தேநீருக்கும் இவ்வொழுங்கைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

உலகத்தின் கோப்பைகளை நிரப்பும் கொழுந்தைப் பறிப்பவளின் குருதியை, அவளுடைய கோப்பையே குறைக்கலாகுமா? தேநீரைக் கைவிடுமாறு அவளிடம் எவரும் கூறவேண்டியதில்லை. கூறினும் அவள் கேளாள். மழையில் நனைந்து வருபவளுக்கு அது மருந்து. செய்ய வேண்டியது ஒன்றே: அதன் இடத்தை மாற்றுவது. கூடையை இறக்கி வைத்ததும் சாயத்தண்ணீரை அருந்தட்டும். அதன்பின் மிளாறு மூட்டி, வெங்காயம் அரிந்து, இறைச்சியை வதக்கி, தணல் சேர்த்துப் பாணைச் சுட்டு எடுக்க ஒரு மணி நேரம் சென்றுவிடும். உணவு தட்டுக்கு வரும்பொழுது தேநீர் தன் இடத்தை விட்டு விலகியிருக்கும். உணவோடு வேண்டுவது கொதித்தாறிய நீரே.

இப்பண்டம் அன்றாடம் ஆக்கத்தக்கதன்று. 2022 இன் நெருக்கடியில் மாவும் பாணும் விற்ற விலையை எந்த லயமும் மறந்திராது; இறைச்சியின் விலை சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போதும். ஆனால் தேநீர் முன்னே, உணவு பின்னே என்னும் ஒழுங்குக்கு ஒரு சதமும் செலவில்லை. மற்ற நாள்களில் ரொட்டியும் பருப்பும் கீரையும் உண்ணும்போதும் அது பலன் தரும். ஒரு துண்டுத் தேசிக்காய் கூட இருந்தால் இன்னும் நன்று. பங்களாக் குசினியிலிருந்து லயத்துக்கு ஒரு பண்டம் இறங்கி வரும்போது, இந்த ஒழுங்கும் உடன் வருமாயின், அந்தி மழையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அதனினும் நல்ல விருந்து வேறில்லை.