கொத்தும் கொப்பியும்



திருகோணமலை என்றதும் பலருடைய உள்ளத்தில் முதலில் தோன்றுவது கோணேசர் கோவில்; அடுத்துத் தோன்றுவது இயற்கைத் துறைமுகம். அவ்விரண்டைப் பற்றியும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்துணைப் பெருமை வாய்ந்த பொருளன்று. துறைமுகத்தை அண்டிய தெருக்களில், தந்தைக்குப் பின் மகன் என ஒரே குடும்பத்தார் நடத்திவந்த பலசரக்குக் கடையே என் பொருளாகும்.

அத்தகைய கடையொன்று எங்கள் தெருவிலும் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. சாக்குகளில் அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி, பெட்டியில் மாசி, மூலையில் மண்ணெண்ணெய்ப் பீப்பா. ஒன்றன் வாடை மற்றொன்றில் ஏறாமல் இவற்றை அடுக்கி வைப்பதே ஒரு கலை. அரிசியைக் கொத்தால் அளப்பார்கள். கொத்து என்பது ஏறக்குறைய 2 இறாத்தல். கொத்தின் வாயைக் கையால் மட்டமாக வழித்துவிட்டு, அதன்மேல் ஒரு சிறுபிடி போடுவது முதலாளியின் வழக்கம். அந்தப் பிடிதான் அவருடைய விளம்பரம்.

கடையின் உயிர்நாடியோ கொத்தன்று, கொப்பி. துறைமுகத் தொழிலாளிக்குச் சம்பளம் வருவது ஒரு நாளில். பசி வருவது நாள்தோறும். இடைப்பட்ட நாட்களைக் கடத்தியது கடன் கொப்பியே. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. இரண்டிலும் ஒரே கணக்கு எழுதப்படும். “அப்பா கொப்பியில் எழுதச் சொன்னார்” என்று பிள்ளை சொன்னால் போதும், பொருள் வரும். இதில் தருமம் மட்டுமே இருந்தது என்று சொல்ல மாட்டேன். கடன்பட்டவர் விலை பேசுவதில்லை. வேறு கடைக்குப் போவதும் எளிதன்று. கொப்பி தாங்கியது, கட்டியும் வைத்தது.

இந்தக் கொப்பிக்கு இருமுறை பெருஞ்சோதனை வந்தது.

முதலாவது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா மீதும் குண்டு வீசின. மக்கள் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினர். அவ்வாறு ஓடியவர்களிற் சிலர், பண்டபாத்திரங்களை விட்டுவிட்டுக் கடன் கொப்பியை மடியிற் செருகிச் சென்றார்கள் என்று எங்கள் பெரியோர் சொல்வதுண்டு. ஊர் திரும்பியவர்கள் அதனைக் காட்டிக் கணக்கை மீண்டும் தொடங்கினார்கள். திரும்பாதவர்களின் பக்கங்களை முதலாளி கிழிக்கவில்லை. அதே காலத்தில் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது; கூப்பன் அரிசியும் சங்கக்கடையும் மக்கள் வாழ்வில் இடம்பெற்றன.

இரண்டாவது சோதனை குண்டோசையின்றி வந்தது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். ஆயினும் தளத்தை நம்பி வாழ்ந்த பல குடும்பங்களின் அடுப்பை அது தொட்டது. சம்பளம் நின்ற வீட்டுக்குக் கடன் கொடுப்பதா, நிறுத்துவதா? கொடுத்தால் கொழும்பு மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப இயலாது. நிறுத்தினால் நேற்றுவரை வாடிக்கையாளராயிருந்தவரின் பிள்ளைகள் பட்டினி. எங்கள் தெரு முதலாளி ஒரு நடுவழி கண்டார்: அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் கொப்பியில், சுருட்டும் வாசனைச் சவர்க்காரமும் கைக்காசுக்கு. சிலர் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகத் தீர்த்தனர். சிலர் வேலை தேடி வேற்றூர் சென்றனர். கடையின் சாக்குகள் குறைந்தன. வழித்த கொத்தின்மேல் போடும் அந்தச் சிறுபிடி மட்டும் குறையவில்லை.

நேயர்களே, போர்க்கப்பல்கள் வந்து போன நாட்களை அரசாங்க ஏடுகள் குறித்து வைத்திருக்கின்றன. அந்நாட்களில் ஒரு குடும்பம் எத்தனை கொத்து அரிசி வாங்கிற்று, எந்த மாதம் பருப்பை நிறுத்திற்று என்பதை அவை சொல்லமாட்டா. அதைச் சொல்லக்கூடியவை இந்தக் கொப்பிகளே. உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய கொப்பியொன்று கிடக்குமாயின், பழங்காகிதமென்று எறிந்துவிடாதீர்கள். கரையானுக்கு எட்டாமல் வைத்து, வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஒருமுறை வாசிக்கச் செய்யுங்கள்.