தலைப்பிரட்டையின் வால்



இன்று பட்டம் பெறும் உங்களுக்கு வாழ்த்துக் கூறுவதோடு அமையாமல், பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவே வந்திருக்கிறேன். புற்றுநோய் கண்டவர்களில் பெரும்பாலோர் மாள்வது முதலில் தோன்றிய கட்டியினால் அன்று. அந்த நோய் பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பிக் கல்லீரலிலும் நுரையீரலிலும் எலும்பிலும் குடியேறுவதனால்தான். 1889-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ரண வைத்தியர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் பொறுமையாக ஆராய்ந்து, விதை எங்கும் விழலாம், இசைந்த நிலத்தில்தான் முளைக்கும் என்ற அபிப்பிராயத்துக்கு வந்தார். ஆயினும் விதை நிலத்தை அடையுமுன் தன்னைச் சூழ்ந்த திசுவாகிய வேலியைத் தாண்டியாக வேண்டும் அல்லவா?

அந்த வேலியின் பிரதான சரக்கு கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு போன்றது அதன் வடிவம் என்பதை 1954-இல் உலகத்துக்கு முதலில் எடுத்துரைத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர் என்பதை இவ்விடத்தில் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறேன். உணவைச் செரிக்கும் சாதாரண நொதிகள் எளிதில் அறுக்கமுடியாத கயிறு அது.

அதை அறுக்கும் கத்தி அகப்பட்டது புற்றுநோய் ஆராய்ச்சியில் அன்று. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் கரைந்து போகிறதே, அதிலுள்ள கொலாஜன் எங்கே போகிறது என்று பாஸ்டனில் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் கேட்டார்கள். வால் துடுப்பின் சிறு துண்டொன்றை, பால்போல் மங்கலாக உறைந்திருந்த கொலாஜன் கூழின்மேல் வைத்துக் காத்திருந்தார்கள். அந்தத் துண்டு சுரந்த நொதியால் அதைச் சுற்றிக் கூழ் கரைந்து, தெளிந்த வட்டம் ஒன்று மெல்ல மெல்ல விரிந்தது. 1962-இல் வெளியான அந்தச் செய்தியின் சாரம் இவ்வளவே. பின்னர் தெரிந்தது, அந்த நொதி கயிற்றைக் கண்ட இடத்தில் கடிப்பதில்லை என்பது. நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி ஒரே ஒரு இடத்தில் மூன்று இழைகளையும் வெட்டுகிறது, மிச்சம் உடற்சூட்டிலேயே முறுக்கவிழ்ந்து போகிறது. எத்தனை சூக்ஷ்மமான சிக்கனம்!

மனித உடலில் அந்த நொதியின் குடும்பத்தைச் சேர்ந்தவை 23 உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துத்தநாக அணு இருந்து வெட்டுகிறது. வேண்டாத வேளையில் நொதியின் சொந்த நுனியே அதை மூடிவைக்கிறது. போதாதென்று அடக்கிவைக்கும் புரதங்கள் நான்கும் காவலிருக்கின்றன. புண் ஆறுவதும் எலும்பு வளர்வதும் இவற்றின் உபகாரம். இந்த உபகாரிகளைத்தான் புற்றுநோய் உயிரணு தன் பிரயாணத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது, அதுவும் தானே சுரந்து மட்டுமன்று, அக்கம்பக்கத்து நல்ல உயிரணுக்களைத் தூண்டிச் சுரக்கவைத்து. வேலியின் கொலாஜனைக் கரைக்கும் வல்லமையும் நோய் பரவும் வல்லமையும் ஒன்றாகவே உயர்கின்றன என்று 1980-இல் அமெரிக்காவில் லான்ஸ் லியோட்டாவின் குழுவினர் எலிக் கட்டிகளில் காட்டினர்.

கத்தியைப் பிடுங்கிவிட்டால் பரவல் நிற்கும் என்ற நம்பிக்கை பிறந்தது இயற்கையே. 1990-களில், நொதிகளை மொத்தமாகக் கட்டிப்போடும் மருந்துகளை ஆயிரக்கணக்கான நோயாளிகள் உட்கொண்டனர். அவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஒரு மருந்தை உண்டவர்களின் நிலை உண்ணாதவர்களைவிட மோசமானதால் 1999-இல் அந்தச் சோதனையே நிறுத்தப்பட்டது. தோளை உயர்த்த முடியவில்லை, விரலை மடக்க முடியவில்லை என்று பலர் முறையிட்டனர். அனுதினமும் நம் மூட்டுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நொதிகளும் சேர்ந்து கட்டுண்டன போலும். வேலியை நோய் ஏற்கெனவே தாண்டிவிட்ட மனிதர்களுக்கு, தாண்டுமுன் கொடுத்து எலிகளில் பலன் கண்ட மருந்தை அளித்தோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர்கள் பட்ட வேதனை வீண்போகக்கூடாது என்பதற்காகவே இதை உங்களிடம் சொல்கிறேன். இந்த நொதிகள் எல்லாமே பகையும் அல்ல: 2003-இல் இவற்றில் எட்டாம் எண் கொண்டதை எலிகளிலிருந்து நீக்கிப் பார்த்தபோது, ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் குறையவில்லை, அதிகரித்தன; ஆகவே அது நமக்குக் காவலாகவும் நின்றிருக்கிறது.

இருபத்துமூன்றில் எது பகை, எது உறவு, எந்தத் திசுவில், நோயின் எந்தக் கட்டத்தில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் வேலை பாதிவழியில் நிற்கிறது. அதற்கு ஆட்கள் தேவை. உங்களில் சிலர் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.