சான்று காட்டி எழுதுவோம்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மாரமங்கலத்தில் நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கென உழைத்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசும் வாய்ப்பினை அளித்தமைக்கு நன்றி. ஆய்வுக் கட்டுரையில் இணையச் சான்றுகளைக் குறிப்பிடும் முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். மதிப்பெண்ணுக்காகப் பின்பற்றும் சிறு விதி இது என்று மாணவர்கள் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கல்லூரியில் பயின்றபோது பஞ்சமி நிலம் குறித்துக் கட்டுரை ஒன்று எழுதினேன். சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கு வழங்கப்பட்ட நிலம் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்று அதில் குறித்திருந்தேன். தேர்வாளர், "இத்தொகையை எங்கே கண்டீர்?" என்று வினவினார். "இணையத்தில்" என்றேன். "இணையத்தில் எங்கே? எழுதியவர் யார்? அவர் எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினார்?" என்று அடுக்கடுக்காகக் கேட்டார். விடையின்றித் தலைகுனிந்து நின்றேன். அதன்பின் கட்டுரையில் நான் உண்மையாக உழைத்து எழுதிய பகுதிகளையும் அவர் ஐயத்துடனேயே நோக்கினார்.

பின்னர் தேடிப் பார்த்தபோதுதான் செய்தி விளங்கிற்று. நான் பார்த்த தளங்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை. எதுவும் மூல ஆவணத்தைச் சுட்டவில்லை. ஆனால் மூல ஆவணங்கள் இருக்கவே செய்தன. செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 நாளிட்டுப் பிறந்த 1010ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை ஆகியவற்றைச் சுட்டியிருந்தால், என் கட்டுரை எவர் முன்னும் நிமிர்ந்து நின்றிருக்கும். நிலத்தைக் கேட்டுச் செல்பவனிடம் பட்டா எங்கே என்று கேட்பார்கள். எழுதுகிறவனுக்குச் சான்றே பட்டா.

இனி முறைக்கு வருவோம். இணையத்தில் ஒன்றைப் படித்தவுடன் ஐந்து செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியவர் யார்? தலைப்பு என்ன? எந்தத் தளம் அல்லது நிறுவனம் வெளியிட்டது? எந்நாளில் வெளியிட்டது? அதன் முழு முகவரி யாது? இவற்றுடன் நீங்கள் பார்த்த நாளையும் சேர்த்தெழுதுங்கள். ஏனெனில் இணையப் பக்கம் இன்று ஒருவாறு இருக்கும், நாளை திருத்தப்படும், மறுநாள் மறைந்தும் போகும். அவ்வாறு மறைந்த பக்கங்களின் பழைய படிகள் பலவற்றை, 1996இல் தொடங்கப்பெற்ற இணைய ஆவணக் காப்பகம் சேமித்து வைத்துள்ளது. அங்குள்ள படியின் முகவரியையும் குறிப்பது நன்று.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நம் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களைப் பற்றி ஒருவர் எழுத விரும்பினால், லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டின் சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டின் சேலம் கெசட்டியரையும் கைப்பேசியிலேயே படிக்கலாம். அப்போது தளத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. நூலாசிரியர், நூல், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றை முதலில் எழுதி, மின்படியைப் பார்த்த தளத்தையும் நாளையும் அதன்பின் எழுத வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுக்கும் இதுவே முறை.

பதிப்பையும் கவனிக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' 1936இல் வெளிவந்தது. காந்தியாரின் மறுப்பும் அதற்கு அண்ணல் அளித்த விடையும் 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தன. அவ்விடையை எடுத்துக்காட்டிவிட்டு 1936 முதற்பதிப்பு என்று குறித்தால் அது பிழை. கொலம்பியா பல்கலைக்கழகத் தளத்தில் உள்ளதுபோல் பக்க எண் இல்லாத இடத்தில், பகுதி எண்ணையும் பத்தி எண்ணையும் குறியுங்கள்.

அண்ணலின் படத்தோடு நாள்தோறும் கைப்பேசிக்கு வரும் பொன்மொழிகளைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். 1942இல் நாக்பூரில் அவர் ஆற்றிய உரையில் கல்வி, கிளர்ச்சி, ஒன்றுபடுதல் என்ற வரிசையிலேயே அறிவுரை அமைந்துள்ளது. நம் சுவரொட்டிகளிலோ ஒன்றுசேர்தல் முன்னும் புரட்சி பின்னுமாக வரிசை மாறி நிற்கிறது. மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்ட அவருடைய எழுத்தும் பேச்சும் தொகுதிகள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. மூலம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது நிழலை நாடுவானேன்?

செயற்கை நுண்ணறிவைக் கேட்டு எழுதுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. அது இல்லாத நூலுக்கும் பெயரும் ஆண்டும் சூட்டித் தந்துவிடும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அதனை நம்பி, எங்கும் வழங்கப்படாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். கண்ணால் கண்டு படிக்காத எதையும் சான்றாக எழுதாதீர்கள்.

நிறைவாக ஒன்று. கெசட்டியர்களில் துரைமார் பெயர்கள் இருக்கின்றன. தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்த நம் பாட்டிமார் பெயர்களை அங்கே தேடிக் காண்பது அரிது. அந்தக் குறையை நீக்கும் கருவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டு முதியோர் சொல்வதை அவர்களுடைய இசைவுடன் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொன்னவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்தவர், நாள் ஆகியவற்றை உடனே எழுதி, ஒரு படியைச் சங்கத்தில் ஒப்படையுங்கள். அதுவும் ஒரு மின்சான்றே. நாளை ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில், நூலாசிரியர்களுக்கு நிகராகத் தன் பாட்டியின் பெயரையும் எழுதுவாள். அவளிடம் எவரேனும் "எங்கே கண்டாய்?" என்று கேட்டால், நான் நின்றதுபோல் அவள் நிற்கமாட்டாள்.

அந்த நாளைச் சங்கம் தன் பொன் விழாவுக்குள் காண வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஜெய் பீம்!